கொக்கியால் இழுத்துப் போடும் கம்பளிக் கம்பளம்: பரிசாகச் செய்பவர்களுக்கு அடிக்கடி எழும் கேள்விகள்

கனடாவின் அட்லாண்டிக் கரை மாகாணங்களிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் 150 ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளில் நடந்துவரும் கைவேலை இது. கம்பளித் துணியை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, சாக்குத் துணி போன்ற ஓர் அடித்துணியின் துளைகள் வழியே கொக்கியால் மேலே இழுத்துக் கண்ணி கண்ணியாக நிரப்புவார்கள். கீழே வரும் அளவுகளையெல்லாம் ஒரே ஒரு கம்பளத்தை வைத்துச் சொல்லியிருக்கிறோம்: 60 × 90 செ.மீ. அளவு, செய்பவருக்கு இதுதான் முதல் கம்பளம், குறித்த நாளில் ஒருவர் கையில் கொடுத்தாக வேண்டும்.

இது டஃப்டிங்தானே?

இல்லை. டஃப்டிங் துப்பாக்கி என்னும் மின்கருவி நூலைப் பின்புறமிருந்து அடித்துத் தள்ளும். பிறகு பசை பூசினால்தான் நூல் நிற்கும். பஞ்ச் நீடில் என்னும் நூல் கோத்த குத்தூசியும் பின்புறமிருந்து குத்துவதுதான். லாட்ச் ஹூக்கில் வெட்டிய நூல்துண்டுகளை விறைப்பான வலையில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவார்கள். இங்கே முடிச்சும் இல்லை, பசையும் இல்லை. ஒரு கண்ணியைப் பக்கத்துக் கண்ணி அண்டைகொடுத்து நிறுத்துகிறது. அடித்துணியின் இழை அதன் காலைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் பிடிமானம். முகப்பைப் பார்த்தபடியே வேலை நடப்பதால் எழுத்துகளை இடவலம் மாற்றி வரைய வேண்டியதில்லை. தவறிப்போனால் கீற்றை இழுத்தால் வந்துவிடும்.

எங்கே தொடங்கியது?

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து ஆகிய இடங்களில் இது வேரூன்றியது. காரணம் எளிது. மரத்தரை வீடுகள், நீண்ட குளிர்காலம், வீசியெறிய மனம் வராத பழைய கம்பளி உடுப்புகள், தானியமும் தீவனமும் வந்திறங்கிய சணல் சாக்குகள். அந்தச் சாக்கின் சணல் வங்காளத்து வயலில் விளைந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகளிலும் பின்னர் கல்கத்தா ஆலைகளிலும் நெய்யப்பட்டு உலகைச் சுற்றியது. தையல் பிரிந்த ஒரு சாக்கு அப்படியே ஒரு கம்பளத்தின் அடித்துணி ஆனது. பழைய கம்பளங்கள் பல ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது அதனால்தான்.

1860களின் இறுதியில் மெய்ன் மாநிலத்தின் பிட்ஃபோர்டைச் சேர்ந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்ற தகரப்பாத்திர வியாபாரி, தகட்டில் அச்சு வெட்டிச் சாக்குத் துணியில் பூவும் சிங்கமும் பதித்து விற்கத் தொடங்கினார். வடக்கே நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரையில் மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் நடத்திய மிஷன், மீனவக் குடும்பங்களின் குளிர்கால வருமானத்துக்காக இதை ஒரு தொழிலாக்கியது. கிழிந்த பட்டுக் காலுறைகளை நன்கொடையாகப் பெற்றுச் சாயமேற்றி, ஒரு துளைகூட விடாமல் நிரப்பிய அந்த விரிப்புகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். கேப் பிரெட்டன் தீவின் ஷெட்டிகாம்ப் ஊரில் அகேடிய (பிரெஞ்சு வழிவந்த) பெண்கள் துணிக்கீற்றை விட்டுக் கம்பளி நூலுக்கு மாறினார்கள். அவ்வூர் எலிசபெத் லஃபோர்ட் (1914–2005) நூற்கண்ணியாலேயே உருவப்படங்கள் செய்தவர். லே த்ருவா பீன்யோன் என்னும் உள்ளூர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

பரிசுக்கு எந்த அளவு சரி? எத்தனை நாள் ஆகும்?

புதியவருக்கு ஒரு சதுர அடி நிரம்ப 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். 60 × 90 செ.மீ. என்பது 6 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கண்ணி இழுக்க மட்டும் 50 முதல் 60 மணி நேரம். வாரத்துக்கு 6 மணி நேரம் உட்கார முடிந்தால் பத்து வாரம். துணி சேர்த்துத் துவைத்து வெட்ட இரண்டு வாரம், ஆவி கொடுத்துக் காயவைத்து ஓரம் கட்ட மூன்று வாரம். கொடுக்கும் நாளிலிருந்து நான்கு மாதம் முன்னதாகத் தொடங்கினால் அவசரம் இருக்காது.

நான்கு மாதம் இல்லையென்றால் அளவைக் குறையுங்கள், நெருக்கத்தை அல்ல. 35 செ.மீ. விட்டமுள்ள வட்டமான நாற்காலி விரிப்பு ஒரு சதுர அடிதான். இரண்டு வாரத்தில் முடியும். அதையே நான்கு செய்தால் சாப்பாட்டு மேசைக்கு ஒரு தொகுப்பு. ஓரம் கட்டாத பெரிய கம்பளத்தைவிட முழுதாக முடித்த சின்ன விரிப்பு எத்தனையோ மேல்.

எவ்வளவு கம்பளித் துணி வேண்டும்?

நிரப்ப வேண்டிய பரப்பைப் போல நான்கு முதல் ஐந்து மடங்கு. கண்ணி மேலே ஏறி இறங்குவதால் இவ்வளவு துணி போகிறது. முதல் கம்பளத்துக்கு ஐந்து மடங்கு என்றே கணக்குப் போடுங்கள். புதியவர்கள் கண்ணியை உயரமாக இழுப்பார்கள்.

60 × 90 = 5,400 சதுர செ.மீ. ஐந்து மடங்கு 27,000. துணியின் அகலம் 145 செ.மீ. என்றால் நீளம் 186 செ.மீ. வருகிறது. வெந்நீரில் துவைத்தால் ஒரு பத்துச் சதவீதம் சுருங்கும் என்பதையும் சேர்த்து, துவைக்காத துணி 2.1 மீட்டர் மொத்தமாக. இதில் பாதிக்கு மேல் பின்னணிக்கே போய்விடும்.

பின்னணித் துணி நடுவில் தீர்ந்துபோவதுதான் இந்த வேலையில் அதிகம் கேட்கும் புலம்பல். அதே சாயல் மறுபடி கிடைக்காது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு: ஒரே நிறத்தில் இரண்டு மீட்டர் தேடாமல், கிட்டத்தட்ட ஒத்துப்போகும் நான்கைந்து சாயல்களை (கருநீலம், சாம்பல் நீலம், நீலக்கட்டம் போட்டது) வாங்கி, கீற்றுகளை முதல் நாளே ஒரு பையில் கலந்துவிடுங்கள். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால் பின்னணி உயிரோட்டமாக இருக்கும். கடைசியில் கொஞ்சம் வேறு சாயல் சேர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

எந்தக் கம்பளித் துணி? பழைய கோட்டு உதவுமா?

உதவும். நூறு சதவீதக் கம்பளி, நெய்த துணி, நடுத்தரக் கனம்: இம்மூன்றும் இருந்தால் போதும். பாவாடை, கால்சட்டை, மெல்லிய போர்வை, ஃபிளானல் சட்டை எல்லாம் நல்ல சரக்கு. கனடா, அமெரிக்காவில் இருப்பவர்களுக்குப் பழைய துணிக் கடைகளே முதல் கடை. கனத்த ஓவர்கோட்டுத் துணியைக் கீற்றாக வெட்டினால் துளைக்குள் நுழையாது. ஆண்களின் சூட்டுத் துணி வழவழப்பான வர்ஸ்டெட் வகை. எத்தனை முறை வெந்நீரில் போட்டாலும் தடிக்காது, கீற்று ஓரத்தில் இழை இழையாகப் பிரிந்துவிடும். சீட்டு இல்லாத துணியில் ஐயம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி உருண்டையாகும்.

வாங்கியதும் நேராகச் சலவை இயந்திரத்துக்குப் போகட்டும். வெந்நீர், கொஞ்சம் சோப்பு, பிறகு குளிர்நீர் அலசல், உலர்த்தி இயந்திரத்தில் நடுச்சூடு. எடுத்துப் பார்த்தால் நெசவு இறுகி, மேலே மெல்லிய பஞ்சு படர்ந்து, ஃபிளானல் போலத் தொட்டாலே மெத்தென்று இருக்க வேண்டும். அட்டை போல விறைத்துவிட்டால் மிஞ்சிப் போயிற்று. அது கொக்கிக்கு ஆகாது. ஒரு மூலையில் ஒரு விரற்கடை வெட்டி, வெட்டிய ஓரத்தை நகத்தால் நாலு முறை சுரண்டுங்கள். இழை உதிரவில்லை என்றால் தயார். பழைய துணிகளில் கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் முட்டைகள் இருந்தால் அவையும் இந்தச் சலவையிலேயே போய்விடும், அதனால் வீட்டுக்குள் மற்ற துணியோடு வைப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், வினிகர் கலந்த நீரில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி நேரம் வைத்து எடுத்து, மறுபடி சோதியுங்கள். அப்போதும் விட்டால் அந்தத் துணி இந்தக் கம்பளத்துக்கு வேண்டாம். ஆவி கொடுக்கும் நாளில் வெள்ளைப் பூவுக்குள் சிவப்பு பரவினால் அதற்குப் பரிகாரம் கிடையாது.

சணல் துணியா, லினனா, பருத்தியா?

தரையில் விரிக்கும் பரிசு என்றால் லினன், அல்லது மாங்க்ஸ் கிளாத் எனப்படும் இரட்டையிழைப் பருத்தி. சணல் மலிவு, பழகுவதற்கு நல்லது; ஆனால் ஆண்டுகள் போகப் போகக் காற்றிலும் ஈரத்திலும் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பழைய கம்பளங்களில் கம்பளி முழுசாக இருக்க, சணல் கிழிந்து போயிருப்பதைப் பார்க்கலாம். அறுபது மணி நேர உழைப்பை நொறுங்கும் துணியில் போடுவது எங்களுக்குச் சம்மதமில்லை. அங்குலத்துக்கு 12 அல்லது 13 இழை உள்ள நெசவு 6 மி.மீ. கீற்றுக்குப் பொருந்தும்.

90 × 120 செ.மீ. துண்டு வாங்குங்கள். சுற்றிலும் 15 செ.மீ. காலியாக இருந்தால்தான் சட்டத்தில் பிடிக்கும். வரையும் முன் நான்கு ஓரமும் ஜிக்ஜாக் தையல் போடுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யச் செய்ய உதிர்ந்துகொண்டே வரும்.

என்னென்ன கருவி?

கொக்கி: மரப்பிடி பொருத்திய குரோஷே ஊசி போன்றது. பிடி உள்ளங்கைக்குள் அடங்கும்படி இருக்கட்டும், தண்டு கொஞ்சம் பருமனாக இருந்தால் துளையை அதுவே திறந்துவிடும். சட்டம்: 35 செ.மீ. குவில்ட்டிங் வளையம் (துணியை இறுக்கிப் பிடிக்கும் மரவளையம்) போதுமானது. சீப்புப் பல் போன்ற கம்பிப்பட்டை பதித்த சட்டம் வசதி; துணியை உருவி மாற்றுவது நொடியில் ஆகும். எதுவானாலும் துணி மத்தளத் தோல் போல விறைப்பாக இருக்க வேண்டும், எழுந்து போகும்போது கழற்றி வைக்க வேண்டும்.

கீற்று வெட்டும் கைச்சுழல் இயந்திரம் விலை அதிகம். ஒரே கம்பளத்துக்கு வாங்க வேண்டாம். சுழல்கத்தியும் அளவுகோலும் வெட்டுப்பலகையும் போதும். கடைகளில் கீற்றின் எண் என்பது அங்குலத்தின் 32இல் ஒரு பங்கைக் குறிக்கும்: 3ஆம் எண் 3/32 அங்குலம் (2.4 மி.மீ.), 6ஆம் எண் 3/16 அங்குலம் (ஏறக்குறைய 5 மி.மீ.), 8ஆம் எண் கால் அங்குலம் (6 மி.மீ.). மெல்லிய கீற்றில் முகமும் இதழ்நிழலும் வரும். புதியவர் கைக்கு 8தான்.

வெட்டும் முன் துணியைக் கையால் கிழியுங்கள். கம்பளி இழைவழியே நேராகக் கிழியும். அந்தக் கிழிந்த ஓரமே உங்கள் நேர்கோடு. அதற்கு இணையாக வெட்டுங்கள். இழைக்குக் குறுக்கே சற்றுச் சாய்ந்து வெட்டிய கீற்று, பாதி இழுப்பில் அறுந்துவிடும். கீற்றின் நீளம் 30 முதல் 45 செ.மீ. எல்லாத் துணியையும் ஒரே நாளில் வெட்டிக் குவிக்காதீர்கள். வெட்டாத துணியை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாம்.

படத்தை எப்படி வரைவது?

முதலில் எல்லைக்கோடு. அடித்துணியில் இரண்டு இழைகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும். பென்சிலை அந்தப் பள்ளத்தில் வைத்து உங்களை நோக்கி இழுத்தால், அதுவே நேராக ஓடிவரும். அளவுகோல் வைத்தால் இழைக்குச் சாய்ந்துவிடும்; அப்படி வரைந்த கம்பளம் முடிந்தபின் எத்தனை இஸ்திரி போட்டாலும் சாய்சதுரமாகவே நிற்கும்.

நடுப்படத்தைத் தாளில் வரைந்து, மேலே கொசுவலைத் துணி போட்டு நகலெடுத்து, வலையை அடித்துணியில் வைத்து நிரந்தர மையால் மீண்டும் வரையுங்கள். மை வலை வழியே இறங்கும். கழுவினால் கலையும் மை வேண்டாம்.

6 மி.மீ. கீற்றில் 5 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த எழுத்து படிக்க முடியாது. ஆங்கில எழுத்துகளே அப்படியென்றால் சுழியும் வளைவும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு 8 செ.மீ. கொடுங்கள், பெயரை முழுதாக எழுதாமல் முதலெழுத்தும் ஆண்டும் போட்டாலே அழகு. பிறந்த குழந்தைக்கு என்றால் பெயரும் நாளும் முடிவான பிறகு வரைய ஒரு மூலையைக் காலியாக விட்டு, மற்ற இடத்தைத் தொடங்கிவிடலாம்.

நிறத் தேர்வில் பிழை வராமல் இருக்க?

கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுங்கள். பூவும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எவ்வளவு வேறு நிறமாக இருந்தாலும் தரையில் பூ தொலைந்துபோகும். சிவப்பு ரோஜாவும் அதே அடர்த்தியுள்ள பச்சைப் பின்னணியும் இப்படித்தான் ஏமாற்றும். பெறுபவரின் அறைச் சுவரோடு பொருத்த முயன்று எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிடாதீர்கள். ஒரு நிறமாவது துணிந்து இருக்கட்டும்.

கண்ணி இழுப்பது எப்படி?

வலக்கையில் கொக்கி, துணிக்கு மேலே. இடக்கை துணிக்கு அடியில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கீற்றைத் தளர்வாகப் பிடித்தபடி. கொக்கியை ஒரு துளையில் இறக்குங்கள். கொக்கியின் முதுகு அடியிலுள்ள விரலைத் தொடும்; அப்போது கீற்றைக் கொக்கியின் வாய்க்குள் எடுத்துக் கொடுங்கள். முதல் இழுப்பில் கீற்றின் நுனி முழுதாக மேலே வரட்டும், 2 செ.மீ. அளவுக்கு. அடுத்த துளையில் இறக்கி, கீற்றைப் பிடித்து, 6 மி.மீ. உயரத்துக்கு ஒரு கண்ணி. கீற்றின் அகலம் எவ்வளவோ கண்ணியின் உயரம் அவ்வளவு.

இழுக்கும்போது கொக்கியின் முதுகால் துளையைப் பின்னுக்கு அழுத்தி, வாய்க்கு முன்னால் இடம் உண்டாக்குங்கள். இந்த ஓர் அசைவு பிடிபட்டால் மணிக்கட்டு வலிக்காது. கண்ணியைத் தேவைக்குச் சற்று உயரமாக இழுத்து, முந்தைய கண்ணியின் பக்கம் லேசாகச் சாய்த்து, அடியிலுள்ள விரலால் மிச்சத்தைக் கீழே வாங்கிக்கொள்ளுங்கள். பின்புறம் கீற்று தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். தொங்கினால் நாற்காலிக் கால் மாட்டி ஒரு வரிசையையே உருவிவிடும்.

கீற்று முடியும்போது கடைசி நுனியும் மேலேயே வரட்டும். அடுத்த கீற்றின் நுனியை அதே துளையில் தொடங்குங்கள். இரண்டு நுனிகளையும் கண்ணி உயரத்துக்கு வெட்டினால் எங்கே மாறியது என்று தெரியாது. பின்புறத்தில் ஒரு கீற்று இன்னொன்றைத் தாண்டிப் போகக் கூடாது. வேறிடம் போக வேண்டுமானால் வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். தாண்டிய இடம் புடைத்து, மிதிபட்டு முதலில் தேயும்.

வரிசை: நடுப்படத்தின் ஓரக்கோட்டை, வரைந்த கோட்டுக்கு உட்பக்கமாகப் போடுங்கள். கோட்டின் மேலேயே போட்டால் பூ ஒவ்வொரு பக்கமும் ஒரு கீற்று பெருத்துவிடும். பிறகு உள்ளே நிரப்பி, உடனே சுற்றிலும் ஒரு வரிசை பின்னணி, அது வடிவத்தைக் காத்துக்கொள்ளும். கம்பளத்தின் எல்லையில் இரண்டு வரிசை நேராக. மிச்சப் பின்னணியை நேர்வரிசையாகப் போட்டால் உழுத வயல் மாதிரி கோடு தெரியும். படத்தின் வளைவைப் பின்பற்றி அலை அலையாக விரியுங்கள்.

ஒவ்வொரு துளையிலும் போட வேண்டாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 6 மி.மீ. கீற்றுக்கு, ஒரே வரிசையில் ஒரு துளை விட்டு ஒரு துளை. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே இரண்டு துளை. கண்ணிகள் தோளோடு தோள் தொட வேண்டும், முண்டியடிக்கக் கூடாது.

புதியவர் ஒவ்வொரு துளையையும் நிரப்புவது அக்கறையால்தான். ஆனால் துணியின் பரப்பில் கொள்ளாத கம்பளி எங்காவது போக வேண்டும்: அடித்துணி கிண்ணம் போல வளைகிறது. சட்டத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை தெரியாது. கழற்றிய அன்றுதான் நடுவில் மேடு எழும்பும். கிரென்ஃபெல் விரிப்புகளில் ஒவ்வொரு துளையும் நிரம்பியிருக்கிறதே என்றால், அவர்கள் போட்டது மிக மெல்லிய காலுறைக் கீற்று.

சோதனை: உள்ளங்கையளவு நிரப்பியதும் சட்டத்தைக் கழற்றி மேசையில் வையுங்கள். தட்டையாகக் கிடந்தால் தொடருங்கள். ஓரம் தூக்கினால் ஒன்றுவிட்டு ஒரு வரிசையை உருவுங்கள். பின்புறத்தைப் பாருங்கள்: கீற்றுகளுக்கு நடுவே அடித்துணி அங்கங்கே தெரிவது சரி. முகப்பிலிருந்து விரலால் பிரிக்காமலே அடித்துணி தெரிந்தால் அது குறை. அந்த இடத்தில் மட்டும் ஒரு கண்ணி சேருங்கள்.

புதுக் கண்ணி இழுக்கும்போது பழையது உள்ளே போய்விடுகிறது. ஏன்?

அடிக்கை கீற்றை இறுக்கிப் பிடித்திருக்கிறது. விரலைத் தளர்த்துங்கள். அதோடு, கொக்கியை முந்தைய கண்ணியின் பக்கமாகச் சாய்த்து இழுத்தால் அது இடம் பெயராது. கண்ணிகள் ஏற்ற இறக்கமாக இருப்பதைப் பற்றி முதல் சதுர அடியில் கவலை வேண்டாம். இரண்டாவதில் கை தானே பழகும். கத்தரியால் மட்டம் தட்ட மட்டும் போகாதீர்கள். வெட்டிய கண்ணி இரண்டு நுனியாகிவிடும், பிடி தளர்ந்துவிடும்.

ஆவி கொடுப்பது எதற்கு?

கண்ணிகள் சமமாகி, சிறு வளைவுகள் அடங்கும். மேசையில் தடித்த துண்டு விரித்து, கம்பளத்தைக் குப்புறப் போட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மேலே போட்டு, கம்பளிச் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுங்கள். தேய்க்காதீர்கள், பத்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடம். பிறகு திருப்பி முகப்பில் லேசாக ஒருமுறை. முழுதாகக் காயும்வரை, குறைந்தது ஒரு நாள், தட்டையாகவே கிடக்கட்டும். ஈரத்தோடு தூக்கினால் தூக்கிய வடிவத்திலேயே காய்ந்துவிடும்.

ஓரம் எப்படிக் கட்டுவது?

கம்பளம் முதலில் சாவது ஓரத்தில்தான், ஆகவே இங்கே நேரம் செலவழியுங்கள். கடைசி வரிசையிலிருந்து 4 செ.மீ. தள்ளி இரண்டு வரி ஜிக்ஜாக் போட்டு மிச்சத்தை வெட்டுங்கள். கண்ணி உயரத்துக்கு நிகரான 6 மி.மீ. பருத்திக் கயிற்றைக் கடைசி வரிசையை ஒட்டிப் பின்புறம் வைத்து, அடித்துணியை அதன்மேல் மடித்து ஓட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். இனி கனத்த கம்பளி நூலை மொட்டை ஊசியில் கோத்து, கடைசிக் கண்ணியை உரசியபடி பின்னாலிருந்து முன்னால் குத்தி, கயிற்றைச் சுற்றிச் சுற்றி மூடுங்கள். அடித்துணியின் வெளுப்பு எங்கும் எட்டிப் பார்க்கக் கூடாது. மூலைகளில் ஒரே துளையில் இரண்டு மூன்று சுற்று.

நூல் கணக்கு: சுற்றளவைப் போல 12 மடங்கு. நமக்குச் சுற்றளவு 3 மீட்டர், நூல் 36 மீட்டர். 45 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கைவீச்சு நீளத்துக்கு மேல் கோத்தால் துணியில் உரசியே நூல் மெலியும்.

பின்புறத்தில் வெட்டு ஓரத்தை மறைக்க 4 செ.மீ. அகலப் பருத்தி நாடா, 3.3 மீட்டர். நாடாவை முன்கூட்டியே நனைத்துச் சுருக்கிவிடுங்கள். அப்படியே தைத்தால் ஒருநாள் ஈரம் பட்டு நாடா மட்டும் சுருங்கி, ஓரம் முழுதும் சுருக்கம் விழும்.

வழுக்காமலிருக்கப் பின்னால் ரப்பர் பால் பூசலாமா?

கூடாது. சில ஆண்டுகளில் அது உலர்ந்து பொடிந்து, அடித்துணியையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு கண்ணியைக்கூடப் பிறகு பழுதுபார்க்க முடியாது. கம்பளத்தைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. குறைவாக வெட்டிய வழுக்காத விரிப்பு ஒன்றைப் பரிசோடு சேர்த்துக் கொடுங்கள். வயதானவர் இருக்கும் வீடானால் இதை மறக்கவே கூடாது.

பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்கலாமா?

குழந்தைக்குத் தடையில்லை. பூனை நகம் உயரமான கண்ணியில்தான் மாட்டும், 6 மி.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உருவிவிட்டால் அதே துளைகளில் கொக்கியால் திரும்ப ஏற்றலாம். எல்லா நிறத்திலும் நாலைந்து கீற்றை ஒரு சிறு பையில் போட்டுக் கொடுப்பது அதற்காகத்தான்.

சீட்டுத் தைக்க வேண்டுமா?

வேண்டும். பெரும்பாலான பழைய கம்பளங்களைச் செய்தவர் யாரென்று இன்று சொல்ல முடியாமல் இருப்பது இந்தச் சிறு துணித்துண்டு இல்லாததால்தான். வெள்ளைப் பருத்தியில் அழியாத மையால் செய்தவர் பெயர், பெறுபவர் பெயர், ஊர், ஆண்டு, என்ன விசேஷம், யாருடைய கோட்டு இதற்குள் இருக்கிறது என்று எழுதி, ஓரம் மடித்துப் பின்புறம் தைத்துவிடுங்கள். தாத்தாவின் சாம்பல் கோட்டு எந்த இலைக்குள் போயிருக்கிறது என்பதை முப்பது ஆண்டு கழித்துத் தேடுபவருக்கு அது தெரிய வேண்டும்.

எப்படிக் கட்டி அனுப்புவது?

மடிக்கவே கூடாது. கண்ணிப்பக்கம் வெளியே வரும்படி அட்டைக்குழலில் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் கண்ணிகள் நசுங்கி, அடித்துணி வெளிப்பக்கம் இழுபட்டு விரியும். வெளுத்த பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் அஞ்சலுக்கான உறை. பெற்றவர் உறையை உடனே பிரிக்கச் சொல்லுங்கள், பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் கிடந்தால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும்.

பெறுபவருக்கு என்ன பராமரிப்புக் குறிப்பு?

ஓர் அட்டையில் இவ்வளவு எழுதினால் போதும். தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் வெறும் குழாயால் மட்டும் தூசி எடுக்கவும், சுழலும் தூரிகை வேண்டாம். ஒரு முனையைப் பிடித்து உதறக் கூடாது, அடித்துணி அறும். சிந்தினால் உடனே ஒற்றி எடுத்து, குளிர்நீரும் ஓரிரு துளி மென்சோப்பும் வைத்துத் துடைக்கவும். சலவை இயந்திரமும் உலர்சலவையும் ஆகாது. ஆண்டுக்கு இருமுறை திருப்பிப் போட்டுப் பின்புறத்தையும் சுத்தம் செய்யவும், அந்துப்பூச்சி இருட்டில்தான் முட்டையிடும். பூச்சி கண்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, உறைபெட்டியில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமலே அறைச்சூட்டுக்கு வரவிடவும்.

பனி விழும் ஊரில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வரி எழுதுங்கள். கடுங்குளிரில் காய்ந்த புதுப்பனி விழுந்த காலையில், கம்பளத்தைக் கொஞ்ச நேரம் வெளியே குளிரவைத்து, பனிமேல் குப்புறப் போட்டு உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தூக்கவும். வெள்ளைப் பனியில் சாம்பல் நிறச் சதுரம் ஒன்று தெரியும், அதுதான் தூசி. இடம் மாற்றி இன்னொரு முறை. ஈரப்பனியில் இதைச் செய்யக் கூடாது.